பொனற்றில் மூன்று கோடு

24.09.2025, புதன்

வெறுவயிற்றுச் சீனி 131. போன கிழமையைவிட ஆறு குறைவு. கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கும்போது ஒரு முனகல் கேட்கிறது. வொஷர் மாற்ற வேண்டும்.

மத்தியானம் கூட்டாளி நளீர் ரெலிபோன் எடுத்தான். மகள் ஆஸிகாவின் நிக்காஹ் வருகிற மாதம் 26ஆம் திகதி. அவனும் மனைவி கமீலாவும் புத்தளம் போய், சொந்தங்களுக்குச் சொல்லி, சாமான்களும் எடுத்துக்கொண்டு திரும்ப மூன்று கிழமைக்கு மேலாகுமாம். சோனகத் தெருவில் அவர்களுடைய ஒழுங்கையை வாய்க்காலுக்காகக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்கிய காரை விட இடமில்லை.

"உன்ரை போர்ட்டிக்கோ சும்மாதானே கிடக்கு, மச்சான். கொஞ்ச நாள் வைச்சிரு."

ஓம் என்றேன். ரெலிபோனை வைத்தபிறகு போர்ட்டிக்கோவைக் கூட்டினேன். இரண்டு தரம்.

27.09.2025, சனி

கார் வந்துவிட்டது. கறுப்பு. பழைய ஜப்பான் கார்தான், ஆனால் கண்ணாடி போல இருக்கிறது. முன்பக்க மூடியான பொனற்றில் வேப்பமரம் கிளை கிளையாகத் தெரிகிறது. நளீர் அறுபத்தொன்பது வயதில் வாங்கிய முதல் கார். "பொம்பிளை இதிலைதான் போவாள்" என்று பதின்மூன்று தரமாவது சொன்னான். நான் எண்ணவில்லை. மனைவி மகாதேவி எண்ணினாள்.

சாவியைத் தரும்போது, "உன்னட்டைக் குடுத்தா எனக்குப் பயமில்லை" என்றான்.

1990 ஒக்ரோபர் முப்பதாம் திகதியும் இதையேதான் சொன்னான். அப்போது நாங்கள் பட்டணத்தில் அவனுக்குப் பின்வளவில் வாடகைக்கு இருந்தோம். முஸ்லிம்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, மதிலுக்கு மேலால் தன் வாப்பாவின் தையல் மெஷினின் தலையை மட்டும் தூக்கித் தந்துவிட்டு இப்படிச் சொன்னான்.

அதை இன்று எழுதப்போவதில்லை.

28.09.2025

காரைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். கீறல் ஒன்றும் இல்லை. வேப்பிலை விழாமல் ஒரு சாக்குக் கட்டலாமா? சாக்கு உரசினால்? கட்டவில்லை.

01.10.2025, புதன்

ஆயுத பூசை. மகாதேவி அவலும் கடலையும் வைத்தாள். விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் பூசியாயிற்று: மோட்டர், சைக்கிள், மிக்சி, என் மைப்பேனாப் பெட்டி, மகாதேவியின் கத்தரிக்கோல், மண்வெட்டி, கார், இரும்பு அலுமாரி. இடுப்பு நோகிறது. நிம்மதியான நாள்.

02.10.2025, வியாழன்

காலை மகாதேவி போர்ட்டிக்கோவிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. நளீரின்ரை காருக்கும் குறி பூசி விட்டிருக்கிறியள்!"

பொனற்றின் நடுவில் என் மூன்று விரலும் இழுத்த மூன்று கோடு. கீழே சந்தனமும் குங்குமமும். நேற்று எழுதியதை எடுத்துப் பார்த்தேன். "கார்" என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூட உறைக்கவில்லையே! வீட்டில் நிற்கும் எல்லாவற்றுக்கும் பூசிப் பழகிய கை, கேட்காமலே அங்கும் போயிருக்கிறது.

இது எப்படிப்பட்ட பிழை? பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற மனிதன். மகளின் கலியாணக் கார். அவனுக்குச் சொந்தமானதில் என்னுடைய குறி. கோபித்தால் நியாயம். கோபிக்காமல் மனதுக்குள் வைத்திருந்தால் அது இன்னும் மோசம்.

இப்போதே துடைப்போம் என்றேன். "விஜயதசமியும் அதுவுமா விபூதியை அழிக்கப்போறியளோ? நாளைக்குப் பாப்பம்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டேன். வெயில் நன்றாக எறித்தது. சந்தனம் காய்ந்து ஓடு போலாயிற்று.

03.10.2025, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்தரைக்கு நளீர் ரெலிபோனில்: "மச்சான், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கினம். பத்து நிமிசத்திலை வீடியோவிலை வாறன், காரை ஒருக்கால் காட்டு."

பத்து நிமிடம்! துணியை எடுத்து உலரத் துடைத்தேன். விபூதி போயிற்று, சந்தனம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். பிறகு கிணற்றடியில் பாத்திரம் மினுக்குகிற தேங்காய்த் தும்பையும் சவர்க்காரத் தூளையும் எடுத்து— என்ன செய்தேன் நான்? முப்பத்தொரு வருடம் நுணுக்கமான வேலை செய்தவன் செய்கிற காரியமா அது? வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். ரெலிபோன் அடித்தது.

வீடியோவில் நிழல் விழுந்த பக்கத்தை மட்டும் காட்டினேன். பின்னால் யாரோ பெண், "மாஷா அல்லாஹ், வடிவான கார்" என்றார். நளீர் சிரித்தான்.

ஈரம் காய்ந்ததும் பார்த்தேன். மதியம் சாப்பிடவில்லை.

04.10.2025, சனி

வெயிலில் பார்த்த கணக்கு: பொனற்றின் முக்கால் பாகத்தில் மயிர் போன்ற சுழிக் கீறல்கள், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புப் பொட்டுகள், ஏராளம். வலது விளக்குக்கு மேலே, விளிம்போடு ஒட்டி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஆழமான கீறல். தும்பில் சிரட்டைத் துண்டு இருந்திருக்கிறது. தேடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

விபூதியை மென்மையானது என்று நினைத்திருந்தேன். விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் நறநறக்கிறது. அதைத்தான் துணிக்குக் கீழே வைத்து அரைத்திருக்கிறேன்.

வேப்பமரம் இப்போது பொனற்றில் தெரியவில்லை. ஏதோ பச்சையாகத் தெரிகிறது.

06.10.2025, திங்கள்

அச்சுவேலிக்கு பஸ்ஸில் போனேன். கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற எமில்ராஜின் கராஜ். ரெலிபோனில் எடுத்த படங்களைக் காட்டினேன். யாருடைய கார் என்று சொல்லவில்லை.

"என்னய்யா இது, கோழி கிளறின மாதிரிக் கிடக்கு? பூனை குட்டி போட்டதோ மேலை?"

நான் சிரிக்க முயன்றேன். காரைக் கொண்டு வந்தால் சுழல் மெஷினில் கம்பளி வட்டத்தைப் போட்டு அரை மணித்தியாலத்தில் கீறலை வெட்டித் தருவதாகச் சொன்னான். வெட்டி! அவன் முடித்து வைத்திருந்த ஒரு நீலக் காரைப் பார்த்தேன். கீறல் இல்லை, மினுக்கம். ஆனால் வெயிலில் சாய்ந்து பார்க்க, மெஷின் போன வழியெல்லாம் வால் வாலாக நிழல் ஓடுகிறது.

அதைக் கேட்டேன். "அதெல்லாம் ஆரய்யா பாக்கிறது?" என்றான். நான் பார்க்கிறேனே.

புறப்படும்போது ஒரு சின்னப் போத்தல் தந்தான். வெள்ளைக் களிம்பு. "உங்களுக்கு மெஷின் பயமெண்டால் இதைக் கையாலை பூசுங்கோ. கீறலுக்குள்ளை போய் நிரம்பி நிக்கும். ஒண்டும் தெரியாது."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு கழுவலுக்கு நிக்கும். பிறகு எந்த மழையிலை போச்சுதெண்டு ஆருக்குத் தெரியும்?"

26ஆம் திகதிவரை தாராளமாக நிற்கும். போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். அலுமாரியில் மருந்துகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

07.10.2025

யூரியூப்பில் நாலு மணித்தியாலம். தெளிந்தவற்றை எழுதி வைக்கிறேன். மறந்து போகும்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்கிறார்கள். கடுதாசித் தாளின் தடிப்பில் பாதிகூட இல்லை. என் கீறல்கள் பெரும்பாலும் அதற்குள்தான். கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவதல்ல. சுற்றியுள்ள நல்ல இடத்தையும் கீறலின் ஆழத்துக்கு இறக்குவது.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். நில அளவைக் கந்தோரில் படம் வரையும்போது பிலிம் தாளில் பிழையாக விழுந்த மைக் கோட்டை பிளேட்டால் சுரண்டி எடுப்போம். கோடு போய்விடும். இடம் மெலியும். இரண்டாம் தரம் அதே இடத்தில் சுரண்டினால் மை ஊறும். மூன்றாம் தரம் ஓட்டை. முப்பத்தொரு வருடத்தில் நான் இரண்டு ஓட்டைதான் போட்டேன். இரண்டையும் அன்றே கந்தோர்ப் பெரியவரிடம் சொன்னேன்.

அதெல்லாம் சொல்ல முடிகிறது. படம்தானே.

08.10.2025, புதன்

பொலிஷ் மூன்று வகை. கரகரப்புக் கூடியது கொம்பவுண்ட்: வெட்டும், ஆனால் தானும் ஒரு மங்கல் விட்டுப்போகும். நடுத்தரம். கடைசி மினுக்கலுக்கு மிக நுண்ணியது. மெஷினில் மாட்டுகிற பாட் என்கிற வட்டங்களும் அப்படியே: கம்பளி, மைக்ரோபைபர், கெட்டி ஸ்பொஞ்ச், நடுத்தர ஸ்பொஞ்ச், மெத்தென்ற ஸ்பொஞ்ச். எந்தப் பொலிஷை எந்தப் பாட்டோடு சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே பொலிஷ் கெட்டிப் பாட்டில் ஒரு மாதிரி, மெத்தைப் பாட்டில் வேறு மாதிரி வேலை செய்யும்.

ஒருவர் சொல்கிறார், இரண்டிலும் நடுத்தரத்தை வாங்கு, தொடக்கக்காரனுக்கு அது போதும் என்று. இன்னொருவர், பெயின்ற்றைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்கிறார். மூன்றாமவர் கத்துகிறார். எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்று: மிக மெல்லியதில் தொடங்கு. போதாவிட்டால் ஒரு படி ஏறு. ஏறியவன் இறங்க முடியாது.

இந்த ஒரு விதியாவது என் சுபாவத்துக்குப் பொருந்துகிறது.

மெஷின்: சுழல் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சுட்டுவிடும். "டி.ஏ" என்கிற இன்னொன்று சுழன்றுகொண்டே ஆடும். அழுத்தினால் தானாகச் சுழற்சி நின்றுவிடும். பயந்தவர்களுக்கென்று செய்தது. கொழும்பிலிருக்கும் மகள் நிவேதனாவிடம் அதையும், மெத்தை பாட் இரண்டு, நடுத்தர பாட் மூன்று, மைக்ரோபைபர் பாட் ஒன்று, பொலிஷ் மூன்று வகையிலும் ஒவ்வொரு சின்னப் போத்தலும் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"எங்களிட்டைக் காரே இல்லையே, அப்பா?"

"ஒரு பொழுதுபோக்கு" என்றேன்.

பொய் எவ்வளவு லேசாக வருகிறது. எனக்குப் பழக்கம்தான்.

11.10.2025, சனி

பஸ் பார்சலில் எல்லாம் வந்து சேர்ந்தது. நளீர் 19ஆம் திகதி திரும்புகிறான். எட்டு நாள்.

12.10.2025, ஞாயிறு

எமில்ராஜிடம் வாங்கிவந்த பழைய கறுப்புக் கார்க் கதவொன்றில் பழகினேன். முதலில் பொலிஷை வட்டத்தில் விட்டு மெஷினைத் தூக்கியபடி சுவிட்சைப் போட்டேன். சுவர், சைக்கிள், என் சேட், மகாதேவி காயப்போட்ட மிளகாய் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு.

"இனி மிளகாயும் மினுங்கும்" என்றாள்.

பாட்டை வைத்தபிறகே மெஷினைப் போட வேண்டும். பயறளவில் நாலு துளி போதும். ஒரு முழச் சதுரம். ஆமை வேகத்தில், முந்திய வரியைப் பாதி பாதி மேவி, நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம். பாட் ஒட்டுகிற தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. நின்றால் அழுத்துகிறேன்.

கோடு அடிக்கடி நின்றது. எதை எடுத்தாலும் அழுத்துகிறேன். பயம் கையில் இறங்குகிறது.

14.10.2025, செவ்வாய்

காரில் முதல் சோதனை. முதலில் கழுவினேன். கிணற்றுத் தண்ணீரில் இனி மாட்டேன். வடிகட்டிய குடிதண்ணீர்க் கானிலிருந்து மூன்று வாளி.

"குடிக்கிற தண்ணியிலை கார் குளிக்குது. நாங்கள் கிணத்திலை குளிக்கிறம்" என்று மகாதேவி அடுப்படியிலிருந்து. உண்மைதான்.

விளிம்பெல்லாம் பாதுகாப்புக்கு ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் ஒரு சதுரம். மெத்தை பாட், நுண்ணிய பொலிஷ். துடைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை! ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது: பொலிஷின் எண்ணெய் கீறலுக்குள் நின்று ஏமாற்றும், ஸ்பிரிற் கலந்து துடைத்துத்தான் உண்மை நிலையைப் பார்க்க வேண்டும். துடைத்தேன். எல்லாம் திரும்பி வந்தது. சுண்ணாம்புப் பொட்டுகள் மட்டும் கொஞ்சம் மங்கல்.

அதே பாட், நடுத்தரப் பொலிஷ். பாதி போயிற்று.

மழை இருட்டுக் கட்டியது. நிறுத்தினேன்.

15.10.2025

பயந்தபடி மைக்ரோபைபர் பாட்டில் கொம்பவுண்டைப் போட்டுப் பார்த்தேன், ஒரு சாண் இடத்தில். சுழிக் கீறல் முழுவதும் போயிற்று. ஆனால் கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது, மூச்சு விட்ட கண்ணாடி போல. நிவேதனா அனுப்பிய மூன்றிலும் வலியதை எடுத்து, இருந்ததையும் கெடுத்துவிட்டேனா? மெத்தை பாட்டும் நுண்ணிய பொலிஷும் வைத்துத் திரும்ப இரண்டு தரம் போக, மங்கல் மெல்ல விலகியது.

அங்கே வேப்பமரத்தின் ஒரு கிளை தெரிந்தது. ஒரு சாண் கிளை.

அவ்வளவு வலியது வேண்டாம். நாளை: நடுத்தரப் பாட், நடுத்தரப் பொலிஷ், நாலு தரம். அதன்மேல் மெத்தையும் நுண்ணியதும்.

16.10.2025, வியாழன்

சரியான சோடி அதுதான். இடது பாதி முடிந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பாட்டைப் பிரஷால் தட்டித் துப்புரவாக்கினேன். எடுத்த அழுக்கைத் திரும்பத் தேய்க்கக்கூடாது. கோடு இன்று ஒருமுறையும் நிற்கவில்லை.

மகாதேவி வந்து நின்று பார்த்தாள். முகத்தைப் பொனற்றில் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கினாள். அதுவே போதும்.

17.10.2025, வெள்ளி

முழுப் பொனற்றும் முடிந்தது. ரோர்ச் அடித்துப் பார்த்தேன், ஸ்பிரிற்றால் துடைத்துப் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன். சுழிகள் இல்லை. விபூதி பூசிய தடமில்லை.

வலது விளிம்புக் கீறல் மட்டும் நிற்கிறது. நகத்தால் வருடினால் நகம் தடக்குகிறது. நகம் தடக்கினால் விட்டுவிடு என்கிறார்கள் எல்லோரும். விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லியது. ஓரங்களை மழுக்கினேன், கொஞ்சம் மறைந்தது. இன்னும் இரண்டு தரம் போனால்— பிலிமில் விழுந்த ஓட்டைகளை நினைத்தேன். மெஷினை நிறுத்தி வயரைச் சுருட்டினேன்.

18.10.2025, சனி

இப்போது யோசிக்க வேண்டியது இதுதான்.

எமில்ராஜின் போத்தல் அலுமாரியில் இருக்கிறது. அந்த ஒரு கீறலில் ஒரு துளி. நளீருக்குத் தெரியாது. விபூதியும் தெரியாது. நாலு கழுவலுக்குப் பிறகு கீறல் தெரிந்தாலும் கலியாண நெரிசலில் யாரோ சாவியால் கீறியதாக இருக்கும். யாருக்கும் நட்டமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொன்னால் கலியாண நேரத்தில் அவன் மனதைக் கெடுப்பதாகாதா? இது நல்ல காரணமா, அல்லது பயந்தவனின் காரணமா? எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

எழுதமாட்டேன் என்றதை எழுதிவிடுகிறேன்.

1990இல் அவன் போய் மூன்று கிழமைக்குப் பிறகு இயக்கப் பெடியள் இரண்டு பேர் கொப்பியோடு வந்தார்கள். முஸ்லிம்களின் சாமான் ஏதும் இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தத் தையல் மெஷின் மகாதேவியின் பழைய சேலைக்குள், நெல்லுச் சாக்குக்குப் பின்னால். அவர்கள் உள்ளே வரவில்லை. என்னை நம்பினார்கள். திரும்பினார்கள். கேற்றைத் தாண்டிச் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பிறகு கண்டுபிடித்தால்? யாராவது சொன்னால்? ஓடிப்போய் நான்தான் கூப்பிட்டேன். "தம்பியவை, ஒரு மெஷின் இருக்கு" என்றேன். நான்தான் தூக்கிக்கொண்டுவந்து கரியரில் வைத்துக் கட்டியும் விட்டேன்.

ஒருவரும் என்னை அதட்டவில்லை.

2002இல் பாதை திறந்து நளீர் வந்து கேட்டபோது, 95 இடப்பெயர்வில் தொலைந்தது என்றேன். "அந்த நேரம் உயிர் தப்பினதே பெரிய காரியம், விடு" என்று என் தோளைத் தட்டினான். தட்டிய இடம் இருபத்துமூன்று வருடமாக இருக்கிறது.

19.10.2025

போத்தலைத் திறந்தேன். மூடினேன்.

20.10.2025, திங்கள்

தீபாவளி. பத்து மணிக்கு நளீர் வந்தான், கையில் புத்தளத்துப் பேரீச்சம்பழ அல்வாவோடு. மகாதேவி வடை வைத்தாள். நான் காரைச் சுற்றிச் சுற்றி நின்றேன். அடுப்படிக்குப் போனபோது அவள் மெதுவாக, "சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. இல்லாட்டி வந்து இருந்து சாப்பிடுங்கோ. சும்மா முழுசிக்கொண்டு நிக்காதையுங்கோ" என்றாள்.

போய்ச் சொன்னேன். பூசை, விபூதி, தும்பு, மெஷின், பாட், எல்லாம் வரிசையாக. ரோர்ச்சை அடித்து விளிம்புக் கீறலைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"டேய், விபூதி பூசினா பூசினபடி கிடந்திருக்கட்டுமேடா. நான் வந்து தண்ணி ஊத்திக் கழுவியிருப்பன். மாப்பிள்ளை வீட்டாரும் பாத்தா என்ன, என்ரை கூட்டாளி ஐயர்மாரைவிட மோசம் எண்டு சொல்லியிருப்பன். ஆர் உன்னைத் துடைக்கச் சொன்னது? உனக்கு எப்பவும் ஒரு அவசரம்."

எப்பவும் ஒரு அவசரம்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கையில் பாதி வடை. "நளீர், மெஷின் 95இலை துலையேல்லை" என்றேன். எந்த மெஷின் என்று அவன் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். எழுதியதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன், ஆனால் கூப்பிட்டதைச் சொன்னேன்.

பாதி வடையைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"அவங்கள் கேற்றைத் தாண்டிட்டாங்களோ?"

"ஓம்."

"நீ கூப்பிட்டனி."

"ஓம்."

காரின் கூரையில் கையை வைத்தான். பிறகு சாவியைக் கேட்டான். கொடுத்தேன். பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியை இறக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. போர்ட்டிக்கோ பெரிதாகத் தெரிகிறது.

22.10.2025

ரெலிபோன் இல்லை.

23.10.2025

இல்லை. மகாதேவி அந்தக் களிம்புப் போத்தலை எடுத்து பிரிட்ஜைத் துடைத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது.

கலியாணத்துக்கு ஆறு நாளிருக்க ஏன் சொன்னேன்? முப்பத்தைந்து வருடம் பொறுத்தவனுக்கு இன்னும் ஒரு கிழமை பொறுக்கத் தெரியவில்லை. இதுவும் அவசரம்தானா?

24.10.2025, வெள்ளி

கமீலா ரெலிபோன் எடுத்தாள். "அண்ணை, அக்காவோடை நேரத்துக்கு வந்திடுங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் மரக்கறிச் சாப்பாடு தனியாச் சொல்லியிருக்கு." அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

26.10.2025, ஞாயிறு

போனோம். போகாமல் விடுவதுதான் எனக்கு இலகு. அதனாலேயே போனேன்.

வாசலில் கார் நின்றது. மல்லிகைச் சரம் கட்டி, நாடா இழுத்து. பொனற்றில் மண்டபத்தின் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு சுழி இல்லை. விளிம்புக் கீறலின்மேல் பூ ஒன்றும் வைக்கவில்லை. அது அப்படியே கிடந்தது. என்னைத் தவிர ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

நளீர் வாசலில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்து, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்றான்.

அறுபது வருடத்தில் முதல்முறையாக என்னை "வாங்கோ" என்றான்.

சாப்பாடு நல்லது. ஆஸிகா வடிவு.

30.10.2025, வியாழன்

இன்று முப்பதாம் திகதி. வீட்டிலேயே இருந்தேன்.

03.11.2025, திங்கள்

சீனி 138. மோட்டருக்கு வொஷர் மாற்றினேன். முனகல் நின்றது.

நாலு மணிக்குக் கேற்றடியில் ஹோர்ன். கறுப்புக் கார். நானே போய்க் கேற்றைத் திறந்தேன். நளீர் கேளாமலே போர்ட்டிக்கோவுக்குள் விட்டான். இறங்கினான். தாடி வழித்திருக்கவில்லை.

"மகளைப் பாக்கப் புத்தளம் போறம். பத்து நாள். ஒழுங்கை இன்னும் மூடேல்லை."

"ஓம்" என்றேன்.

டிக்கியைத் திறந்து ஒரு பெரிய துணிப் பொதியை எடுத்தான். சாம்பல் நிறம், உள்ளே மெத்தென்று வெள்ளைத் துணி. காரை மூடுகிற உறை. கடையில் வாங்கியதல்ல. கண்ணாடிகளுக்கு இரண்டு பக்கமும் காது போலத் தைத்து, அடியில் இலாஸ்ரிக் நாடா விட்டிருந்தது. இரண்டு பேருமாக விரித்தோம். அவன் முன்பக்கம், நான் பின்பக்கம். நான் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறாய்? கோணியிருக்கு எண்டோ?" என்றான். "வாப்பாவின்ரை மெஷின் இருந்திருந்தா நேரா ஓடியிருக்கும்."

சாவியை என் சேட் பைக்குள் போட்டான்.

"இனி உனக்குப் பூச வேணுமெண்டால் உறைக்கு மேலை பூசு. தும்பைக் கொண்டு கிட்ட வந்தியோ, கையை முறிப்பன்."

மகாதேவி கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான். போகும்போது திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை. நான் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

04.11.2025

காலை உறையைச் சுற்றிவந்து நாலு மூலையும் இழுத்துப் பார்த்தேன். இடது பின்மூலை கட்டை. சில்லின் மேற்பாதி வெளியே தெரிகிறது. காற்றடித்தால் அந்தப் பக்கத்தால் மேலே எழும்பும். அவன் தன் கையால் தைத்தது. சொன்னால் என்ன நினைப்பான்? பேசாமல் ஒரு கல்லை வைத்துவிடலாம்.

பதினொரு மணிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"இடது பின்மூலை கட்டை" என்றேன்.

"அளந்தனியோ?"

"ஓம். இரண்டேகால் அங்குலம்."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"விசரா," என்றான். "துண்டுத் துணி வைச்சிருக்கிறன். வந்து பிரிச்சுத் தைக்கிறன். அதுவரைக்கும் கல்லு மல்லு ஒண்டும் வைச்சிடாதை, கீறும்."